ஒளிப்பொறிக்குப் பிடிக்கத் தெரியும், தேடத் தெரியாது

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு வந்த மழை யாழ்ப்பாணக் குடாநாட்டை வெள்ளக்காடாக்கியது. அடுத்த மாதம் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கங்களில் காய்ச்சலோடு வைத்தியசாலைக்கு வந்தவர்களில் சிலர் ஒருசில நாள்களுக்குள்ளேயே இறந்துபோனார்கள். முதலில் இனந்தெரியாத காய்ச்சல் என்றுதான் செய்திகள் சொல்லின. மாதிரிகள் குடாநாட்டுக்கு வெளியே போய்ச் சோதிக்கப்பட்ட பிறகே எலிக்காய்ச்சல் என்று உறுதியாயிற்று. வயலில் இறங்குவோருக்கு டொக்சிசைக்கிளின் குளிசை கொடுக்கும் வேலை அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது.

அந்த இடைப்பட்ட நாள்கள் இங்குள்ள பலரையும் உறுத்திக்கொண்டிருக்கின்றன. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களைச் செய்து பழகிய உயர்தர விஞ்ஞானப் பிள்ளைகளோடு பேசினால் இப்படி ஒரு கேள்வி வருகிறது: “சேர், ஒளியாலயே ஒற்றை மூலக்கூறைப் பிடிக்கலாம் எண்டு 2018இல நோபல் பரிசு குடுத்தவைதானே. ஒரு துளி இரத்தத்தில இருக்கிற கிருமியை அதாலயே பிடிச்சுக் காட்டேலாதோ?”

காட்டலாம், லேசர் ஒளியால் நுண்பொருள்களைப் பிடித்துவைக்கும் ஒளிப்பொறியின் வாசலுக்கு அந்தக் கிருமி வந்து சேர்ந்தால். கைக்குக் கிடைத்த ஒன்றை அளப்பதில் ஒளிப்பொறிக்கு நிகரான கருவி உயிரியலில் மிகக் குறைவு. கைக்குக் கிடைக்காத ஒன்றைத் தேடுவதில் அது மிகவும் பலவீனமானது. இந்த இரண்டு திறமைகளையும் ஒன்றாக்கிப் பேசும் நம்பிக்கைகள், பணமும் ஆளும் குறைந்த எங்களைப் போன்ற இடங்களுக்கே அதிக நட்டத்தைத் தரும் என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் இந்த முறையை அதன் பெருமைக்குக் குறைவு வராமலும், அதன் மேல் ஏற்றப்பட்ட சுமையை இறக்கியும் பார்க்க விரும்புகிறேன்.

ஒளிக்கு உந்தம் உண்டு. 100 மில்லிவாற்று வலுவுள்ள லேசர்க் கற்றையை ஒரு பொருள் முழுவதுமாக உறிஞ்சினால், அதன்மேல் தாக்கும் விசை வலுவை ஒளியின் வேகத்தால் வகுக்கக் கிடைக்கும்: ஏறத்தாழ 330 பிக்கோநியூற்றன். ஒரு நியூற்றனில் கோடியில் ஒரு பங்கு என்று சொல்வதற்குக்கூட இது போதாது. ஆனால் கலத்துக்குள் சுமை தூக்கும் கினெசின் என்ற புரதத்தை 5 முதல் 7 பிக்கோநியூற்றன் விசை நிறுத்திவிடும். அந்த உலகத்தில் ஒளி ஒரு பலசாலி.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆர்தர் ஆஷ்கின் 1970இல் நுண்ணிய மணிகளை ஒளியால் தள்ளியும், எதிரெதிரான இரு கற்றைகளுக்கு இடையில் நிறுத்தியும் காட்டினார். 1986இல் அவரும் ஸ்டீவன் சூ உள்ளிட்ட சகாக்களும் ஒரே கற்றையால் அதைச் செய்தார்கள். நுணுக்குக்காட்டியின் பொருள்வில்லையால் லேசரை மிகச் சிறிய புள்ளியாகக் குவித்தால், அந்தப் புள்ளியை நோக்கி ஒளியின் செறிவு எல்லாத் திசையிலிருந்தும் ஏறுகிறது. சூழ்ந்துள்ள நீரைவிட முறிவுச்சுட்டி கூடிய மணி, செறிவு கூடிய இடத்துக்கு இழுபடுகிறது. விலகினால் திரும்பவும் உள்ளே இழுக்கப்படுகிறது. எவ்வளவு விலகியது என்பதை ஒளியுணரி நனோமீற்றர்க் கணக்கில் சொல்லும். விலகலைப் பொறியின் விறைப்பால் பெருக்கினால் விசை தெரிந்துவிடும். மணியின் மேல் ஏதாவது ஒரு மூலக்கூறு இழுக்கிறதா, எவ்வளவு இழுக்கிறது என்பதை இப்படித்தான் அறிகிறோம்.

1987இல் ஆஷ்கின் புகையிலைத் தேமல் வைரசையும் பற்றீரியாக்களையும் பிடித்தார். பச்சை லேசரில் பற்றீரியாக்கள் இறந்தன. அகச்சிவப்புக்கு மாறியதும் அவை பொறிக்குள்ளேயே உயிரோடு இருந்து பிரிந்து பெருகின. 2018இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தபோது அவருக்கு வயது 96.

இனி ஒரு கணக்கு, எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய பொருளின் மேல் பொறி தரும் இழுவை அந்தப் பொருளின் கனவளவோடு போகிறது. விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் பிடி ஆயிரத்தில் ஒன்றாகத் தளர்ந்துவிடும். சாதாரணப் பொறிக்கு வசதியான மணி ஒரு மைக்கிரோமீற்றர் அளவினது. ஒரு புரதம் ஐந்து நனோமீற்றர் அளவினது. விட்டத்தில் 200 மடங்கு என்றால் கனவளவில் 80 இலட்சம் மடங்கு. நீர் மூலக்கூறுகளின் ஓயாத மோதல் அந்தப் புரதத்தை நொடிப்பொழுதில் பொறியிலிருந்து அடித்துக்கொண்டு போய்விடும். பிடித்து வைக்க லேசரின் வலுவை ஏற்றிக்கொண்டே போனால் நீர் கொதிக்கும்.

ஆகவே செய்திகளில் “ஒற்றை மூலக்கூறைப் பிடித்தார்கள்” என்று வாசிக்கும்போது, பெரும்பாலும் பிடிக்கப்பட்டது ஒரு மணி. மூலக்கூறு அந்த மணியில் ஒட்டப்பட்டிருந்தது. இது ஏமாற்று வேலை ஒன்றுமில்லை, புத்திசாலித்தனமான வழி. ஆனால் ஒட்டுவதற்கு முன் எந்த மூலக்கூறு என்று ஆய்வாளருக்குத் தெரிந்திருக்கவேண்டும். நோயறிதலில் எங்களுக்குத் தெரியாமல் இருப்பதே அதுதான்.

இந்த மணிப் பிடியால் கிடைத்த அறிவு மகத்தானது. 1993இல் ஸ்டீவன் பிளொக் குழுவினர் கினெசின் எட்டு நனோமீற்றர் எட்டெடுத்து நடப்பதை அளந்தார்கள். 1996இல் கார்லோஸ் புஸ்தமாந்தே குழுவினர் இரட்டைச்சுருள் டி.என்.ஏ.யை இழுத்தபோது, ஏறத்தாழ 65 பிக்கோநியூற்றனில் அது திடீரென நீண்டு கொடுப்பதைக் கண்டார்கள். 2005இல் ஆர்.என்.ஏ. பொலிமரேசு டி.என்.ஏ.யின் மேல் ஒவ்வொரு காரச்சோடியாக, 0.34 நனோமீற்றர் படியாக, நகர்வது பதிவானது. ஓர் அணுவின் விட்டத்தைவிட அவ்வளவு பெரிதல்லாத நகர்வை நீருக்குள், அறை வெப்பநிலையில், ஒளியால் அளந்திருக்கிறார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

இந்த வேலைகளில் விசையும் நகர்வுமே மூலக்கூறின் கைரேகை. எட்டு நனோமீற்றர் எட்டைக் கண்டால் அங்கே கினெசின் போன்ற ஒரு சுமைதூக்கும் புரதம் நடக்கிறது என்று சொல்லலாம். 65 பிக்கோநியூற்றனில் மேடை போலத் தட்டையாகும் வளைகோடு கிடைத்தால் அங்கே இரட்டைச்சுருள் டி.என்.ஏ. இருக்கிறது, அதுவும் ஒரே ஒரு மூலக்கூறுதான் மாட்டியிருக்கிறது என்று உறுதி சொல்லலாம். ஒரு ஆர்.என்.ஏ. மடிப்பு எந்த விசையில் அவிழ்கிறது என்பது அதன் காரவரிசையைப் பொறுத்தது. வேறு எந்தச் சாயமும் பிறபொருளெதிரியும் இல்லாமல், பொறி தன் சொந்தத் திறமையால் மூலக்கூறை இனங்காண்பது இங்கே மட்டும்தான்.

மற்ற இடங்களில் எல்லாம் அடையாளத்தை இரவல் வாங்கவேண்டியிருக்கிறது. 1997இல் கிறிஸ்ரியன் ஹெல்மர்சன், ராணி கிஷோர், வில்லியம் பிலிப்ஸ், ஹவார்ட் வீற்றோல் ஆகியோர் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். பிறபொருளெதிரிப் பிணைப்பால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் மணிகளை ஒளிப்பொறியால் இழுத்துப் பிரித்தார்கள். பிரிக்க எவ்வளவு விசை வேண்டியிருந்தது என்பதிலிருந்து கரைசலில் தேடும் பொருள் எவ்வளவு இருந்தது என்று மதிப்பிட்டார்கள். பெம்ரோமோலர்ச் செறிவு வரை இறங்க முடிந்தது. அதாவது ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ ஆறு இலட்சம் மூலக்கூறுகள். அந்தக் காலத்து எலிசாச் சோதனைகள் இந்த ஆழத்துக்கு இறங்குவதில்லை.

வியக்கத்தக்க முடிவு, ஐயமில்லை. ஆனால் சுத்தமான ஆய்வுகூடக் கரைசலுக்கும் காய்ச்சல்காரரின் குருதிக்கும் இடையில் பெரும் தூரம் இருக்கிறது. குருதித் திரவவிழையத்தில் அல்புமின் மட்டும் ஒரு லீற்றருக்கு 35 முதல் 50 கிராம் வரை உண்டு. பெம்ரோமோலர்ச் செறிவில் உள்ள இலக்கு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 60,000 கோடி அல்புமின் மூலக்கூறுகள் அதே குருதியில் மிதக்கின்றன. அவற்றில் மிகச் சொற்பமானவை மணிக்கும் கண்ணாடிக்கும் இடையில் தற்செயலாக ஒட்டினாலும் பொறி அதையும் ஓர் இழுவையாகவே உணரும். எந்தப் பிணைப்பு உண்மையானது, எது வெறும் ஒட்டல் என்று ஒளிக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது பிறபொருளெதிரியின் வேலை. அது சறுக்கினால் பொறியின் நுண்மையால் ஒரு பயனும் இல்லை.

இந்தியாவில் நடந்த வேலை இதை இன்னும் தெளிவாக்குகிறது. மும்பையின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் தீபக் மாத்தூர், மலேரியா ஆய்வாளர் ஷோபனா ஷர்மா முதலானோர் 2004இல் செங்குருதிக் கலங்களை அகச்சிவப்புப் பொறியில் பிடித்தார்கள். தட்டுப்போன்ற கலம் பொறிக்குள் மடிந்து கோல்போல் நிமிர்ந்து நின்றது. சாதாரணக் கலம் அப்படியே நின்றது; மலேரியாக் கிருமி புகுந்த கலமோ சுழன்றது. சாயம் பூசாமல், கலத்தை உடைக்காமல், சுழல்கிறதா நிற்கிறதா என்று பார்த்தே தொற்றைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழும்.

அதே 2004இல் இந்தோரின் உயர் தொழினுட்ப மையத்தில் சமரேந்திர மொகந்தி, அபா உப்பால், பி. கே. குப்தா ஆகியோர் இன்னொரு முடிவை வெளியிட்டார்கள். உப்புச் செறிவு கூடிய கரைசலில் கலங்களைப் பிடித்தபோது சாதாரணக் கலங்கள் தாமாகவே சுழன்றன. மலேரியாத் தொற்றுள்ளவை பல மடங்கு மெதுவாகவே சுழன்றன. இதையும் அவர்கள் வேகமான மலேரியா நோயறிதலுக்கு வழியாகவே முன்வைத்தார்கள்.

மும்பையில் சுழல்வது நோயின் அடையாளம். இந்தோரில் மெதுவாகச் சுழல்வது நோயின் அடையாளம். இரண்டு குழுவினரும் தாங்கள் கண்டதைச் சரியாகவே கண்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கலத்தைச் சுழற்றுவது கிருமி அன்று. கலத்தின் வடிவத்தில் உள்ள சமச்சீரின்மையில் ஒளி சிதறும்போது பிறக்கும் முறுக்கம். கிருமி புகுந்தாலும் வடிவம் மாறும், உப்புக் கூடினாலும் வடிவம் மாறும். அப்படியானால் பொறி அளப்பது வடிவத்தையும் விறைப்பையும். அதற்கு மலேரியா என்று பெயர் சூட்டுவது நாங்கள். அரிவாட்கலச் சோகையிலும் தலசீமியாவிலும்கூடச் செங்குருதிக் கலத்தின் வடிவமும் நெகிழ்வும் மாறுபடுகின்றன. ஒரு நோயாளியின் உடலில் நீர் வற்றியிருந்தால், மாதிரி வெயிலில் கொஞ்சம் ஆவியாகியிருந்தால், கரைசலின் உப்பளவு மாறிவிடும். விளைவின் திசையே தலைகீழாகும் ஆபத்துள்ள ஒரு சோதனையைக் கிராமத்து வைத்தியசாலையில் வைத்து நடத்துவது எப்படி?

இலங்கையின் அனுபவம் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியது. உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்த நாட்டை மலேரியா அற்றது என்று சான்றளித்தது. அந்த வெற்றியின் முதுகெலும்பு கண்ணாடித் தகட்டில் பூசிய குருதிப் படலமும், அதை ஜிம்சாச் சாயத்தில் தோய்த்து நுணுக்குக்காட்டியில் பார்த்த பரிசோதகரின் கண்ணும். தடித்த படலம் ஒன்றில் நூற்றுக்கணக்கான பார்வைப் புலங்களைப் பார்க்கும்போது அந்தக் கண் இலட்சக்கணக்கான கலங்களைக் கடந்துவிடுகிறது. ஒளிப்பொறியோ ஒன்றைப் பிடித்து, மடியும்வரை காத்திருந்து, சுழல்கிறதா என்று பார்த்து, விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கும்.

இந்த ஒன்று ஒன்றாக என்பதுதான் அதன் ஆழமான குறை. தொண்டைமானாற்றுக் களப்பில் இறால் பிடிப்பவர் வீச்சுவலையை விரித்து எறிகிறார். ஒரு எறியில் அவ்வளவு பரப்பு நீரும் வலைக்குள் வருகிறது. ஒளிப்பொறி அதே களப்பில் விரல்நுனியால் ஓர் இறாலைத் தொட்டு எடுப்பது. எண்களில் பார்த்தால், பொறியின் பிடிக்குள் அடங்கும் இடம் ஏறத்தாழ ஒரு கன மைக்கிரோமீற்றர். ஒரு மில்லிலீற்றர் குருதியில் அப்படி ஒரு இலட்சம் கோடி இடங்கள் உண்டு. ஓர் இடத்தைப் பார்க்க ஆயிரத்தில் ஒரு நொடிதான் ஆகும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு மில்லிலீற்றரைப் பார்த்து முடிக்க 31 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். மில்லிலீற்றருக்கு ஆயிரம் கிருமி இருந்தால் முதலாவதைச் சந்திக்கவே சராசரியாகப் பதினொரு நாள்களுக்கு மேல் ஆகும். எலிக்காய்ச்சல் நோயாளிக்கு அவ்வளவு நாள் இல்லை.

பல பொறிகளை ஒரே நேரத்தில் உருவாக்கலாமே என்று கேட்கலாம். ஒளிக்கோணல் தகடுகளால் ஒரு லேசரைப் பல புள்ளிகளாகப் பிரிக்கும் முறை 1990களின் கடைசியிலேயே வந்துவிட்டது. ஆனால் மொத்த வலுவை நூறாகப் பிரித்தால் ஒவ்வொரு பொறிக்கும் நூறில் ஒரு பங்குதான். வலுவை ஏற்றினால் வெப்பம் ஏறும். 1064 நனோமீற்றர் ஒளியில் 100 மில்லிவாற்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வெப்பநிலை கூடுகிறது. வெப்பத்தைவிட நுட்பமான சேதமும் உண்டு: 1999இல் ஈ. கோலை பற்றீரியாவில் செய்த ஆய்வு, அலைநீளத்துக்கேற்பச் சேதம் மாறுவதையும், 830, 970 நனோமீற்றர்களில் அது குறைவாக இருப்பதையும், ஒட்சிசன் இல்லாதபோது பெரிதும் தணிவதையும் காட்டியது. உயிருள்ளதை அளக்கும்போதே அதை மெல்லக் கொன்றுகொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் இந்தத் துறையில் எப்போதும் கூடவே இருக்கவேண்டியது.

2010இல் டேவிட் வோல்ற் குழுவினர் காட்டிய எலிசா முறையை இங்கே ஒப்பிட்டே ஆகவேண்டும். அங்கும் மணிகள்தான், அங்கும் ஒற்றை மூலக்கூறு நுண்மைதான். ஆனால் மணிகளைப் பல்லாயிரக்கணக்கான நுண்குழிகளில் ஒரே தடவையில் அமரவைத்து, எந்தக் குழி ஒளிர்கிறது என்று எண்ணினார்கள். காந்தமணிகள் முழு மாதிரியையும் துழாவி இலக்கைத் தூக்கி வருகின்றன; தேடும் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒளிப்பொறிக்காரர் பெம்ரோமோலரை எட்டிப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, பொறியே இல்லாமல் அதைவிட ஆழத்துக்குப் போனார்கள். நோயறிதலுக்கான போட்டியில் ஒளிப்பொறி அங்கே தோற்றுவிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

சரி, புரதத்தை மணி இல்லாமலே பிடிக்கும் வழி? அதுவும் வந்திருக்கிறது. 2012இல் கனடாவின் விக்ரோறியாப் பல்கலைக்கழகத்தில் ரூவன் கோர்டனும் அவருடைய மாணவரும் தங்கப் படலத்தில் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும் இரட்டை நனோத்துளை போட்டு, அந்தக் கூரிய இடுக்கில் ஒளியைச் செறிவாக்கி, மாட்டு அல்புமின் மூலக்கூறு ஒன்றைப் பிடித்தார்கள். மூலக்கூறு மாட்டும்போது துளையூடாகச் செல்லும் ஒளி ஒரு படி துள்ளுகிறது. எண்பது இலட்சம் மடங்குத் தடையை வடிவமைப்பால் தாண்டிய அழகான சோதனை அது. ஆனால் துள்ளல் சொல்வது இந்தப் பருமனில் ஏதோ ஒன்று விழுந்தது என்பதை மட்டும். அல்புமினா, அதே பருமனுள்ள வேறு புரதமா என்று அது சொல்லாது. குருதியைக் கொண்டுவந்து வைத்தால் அந்தத் துளைக்குள் முதலில் விழப்போவது அல்புமின்தான், அதற்கடுத்ததும் அல்புமின்தான்.

அடையாளத்தைச் சேர்த்துத் தருவதில் எனக்கு அதிக மதிப்புள்ள கூட்டாளி இராமன் நிறமாலை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1928இல் கல்கத்தாவில் கண்ட விளைவு அது: மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வரும், அந்த மாற்றம் அந்த மூலக்கூறின் பிணைப்புகளுக்கே உரியது. ஒரு கலத்தைப் பொறியில் நிறுத்திவைத்து அதன் இராமன் நிறமாலையை எடுக்கும் முறை 2000களின் தொடக்கத்தில் வந்தது. மணிப்பாலில் சந்தோஷ் சிதங்கில் குழுவினர் செங்குருதிக் கலங்களில் இதைச் செய்திருக்கிறார்கள். பொறியின் உண்மையான சேவை இங்கே தெரிகிறது. மிதந்து திரியும் கலத்திலிருந்து பலவீனமான இராமன் சமிக்ஞையைச் சேர்க்கப் பல நொடிகள் வேண்டும். பொறி அதைக் கண்ணாடியில் ஒட்டாமல், உயிரோடு, அந்த நேரம் முழுவதும் அசையாமல் பிடித்துக்கொடுக்கிறது. ஆனால் நோயுள்ள கலத்துக்கும் இல்லாத கலத்துக்கும் நிறமாலையில் உள்ள வேறுபாடு பெரும்பாலும் சிகரங்களின் உயரத்தில் உள்ள சிறு வேறுபாடுதான். அதைப் பிரித்தறிய புள்ளிவிவர முறைகள் வேண்டும். ஒரு ஊரின், ஒரு கருவியின் மாதிரிகளில் பழக்கிய கணிப்பை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகும்போது அது நிலைக்குமா என்பதைத் தனியாகச் சோதித்தே ஆகவேண்டும்.

2014இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வெய் செங் குழுவினர் வளர்ப்புத் திரவத்தில் எச்.ஐ.வி. வைரசுகளை ஒவ்வொன்றாகப் பொறியில் பிடித்தார்கள். வைரசின் மேலுறையில் உள்ள புரதத்தின் எண்ணிக்கை ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுவதைக் கண்டார்கள். இலட்சம் வைரசுகளைச் சேர்த்து அரைத்துச் சராசரி எடுக்கும் எந்தச் சோதனையும் இதைக் காட்டியிருக்காது. நோயாளிக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா என்ற கேள்விக்கு இந்தச் சோதனை தேவையே இல்லை. வைரசுகளுக்குள் ஏன் சில மட்டும் தொற்றுகின்றன என்ற கேள்விக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. கருவி தனக்குரிய கேள்வியோடு பொருந்தும்போது எவ்வளவு உயரம் போகும் என்பதற்கு இதை ஒரு முன்மாதிரியாகவே சொல்வேன்.

இப்போது எலிக்காய்ச்சலுக்கு வருவோம். அதை உண்டாக்கும் லெப்ரோஸ்பைரா 0.1 மைக்கிரோமீற்றர் தடிப்பும் 6 முதல் 20 மைக்கிரோமீற்றர் நீளமும் உள்ள சுருள் பற்றீரியா. காய்ச்சல் தொடங்கிய முதல் வாரத்தில் அது குருதியில் இருக்கும். பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் அந்த வாரத்தின் கடைசியில்தான் எழும்பும். இந்த நோய்க்கு நெடுங்காலமாக அளவுகோலாக இருக்கும் நுணுக்குக்காட்டி ஒருங்கொட்டல் சோதனை, பிறபொருளெதிரியைத் தேடுவது. உயிருள்ள லெப்ரோஸ்பைரா வகைகளைத் தொடர்ந்து வளர்த்து வைத்திருக்கும் ஆய்வுகூடம் அதற்கு வேண்டும். ஆகவே நோயாளியின் உயிரைக் காக்கும் முதல் நாள்களில் கிருமியையே நேரடியாகக் கண்டுகொள்ளும் முறை தேவை என்று மாணவர்கள் நினைப்பது மருத்துவ ரீதியாகச் சரியே. அந்த இடத்தை நிரப்பக்கூடியது பி.சி.ஆர். அது முழு மாதிரியிலிருந்தும் டி.என்.ஏ.யைத் திரட்டி, அதைப் பெருக்கி, காரவரிசையாலேயே இனங்காண்கிறது. தேடலும் அடையாளமும் இரண்டும் அதில் உண்டு. குடாநாட்டிலேயே, மழைக்காலம் முழுவதும், மாதிரி வந்த அன்றே எலிக்காய்ச்சல் பி.சி.ஆர். செய்யும் வசதி வேண்டும் என்று கேட்பதில் எங்கள் குரலைச் செலவழிக்கவேண்டும். ஒளிப்பொறியை நோயறி கருவியாக்கக் கேட்டு அந்தக் குரலைச் சிதறவிடக்கூடாது.

அதே லெப்ரோஸ்பைராவை வைத்து ஒளிப்பொறி செய்யக்கூடிய வேறொரு வேலை இருக்கிறது, அதை வேறு எதுவும் செய்யாது. ஜப்பானின் ரொஹோக்குப் பல்கலைக்கழகத்தில் சுயிச்சி நக்கமுரா குழுவினர் 2020இல் லெப்ரோஸ்பைரா நீந்தும் விசையை ஒளிப்பொறியால் அளந்தார்கள். ஏறத்தாழ 17 பிக்கோநியூற்றன், ஈ. கோலையின் நீந்துவிசையைவிட ஏறத்தாழ 30 மடங்கு. தோலின் சிறு கீறல் வழியே, பசைபோன்ற இழையத்தைத் துளைத்துக்கொண்டு இந்தக் கிருமி எப்படி உள்ளே போகிறது என்பதற்கு அந்த எண் ஒரு விடையின் தொடக்கம்.

இந்த வேலைக்குக் கிருமியைத் தேடவேண்டியதில்லை. வளர்ப்பில் தேவையான அளவு இருக்கும். அதன் பெயரைக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை, முன்பே தெரியும். ஒன்றொன்றாக அளப்பதும் இங்கே குறையாகாது, ஏனெனில் ஒவ்வொன்றும் எப்படி வேறுபடுகிறது என்பதே கேள்வி. பொறியின் பலவீனங்கள் எல்லாம் விலகி நிற்க, பலம் மட்டும் மிஞ்சுகிறது.

செல்வச்சந்நிதிக்குப் பக்கத்தில் உள்ள தொண்டைமானாற்று வான்கதவுகள் கடல்நீரை மறித்து, மாரிமழையைக் களப்பில் தேக்கி, வடமராட்சியின் நிலத்தடி நீரை நன்னீராக்கும் நோக்கத்தோடு இருப்பவை. நோய்தரும் லெப்ரோஸ்பைரா நன்னீரிலும் ஈரமண்ணிலும் வாரக்கணக்கில் உயிர்வாழும். உப்பு அதற்கு ஆகாது. வான்கதவு திறந்து மூடும் காலத்துக்கேற்ப எங்கள் வயலோர நீரின் உவர்ப்பு ஏறி இறங்குகிறது. எந்த உவர்ப்பில் இந்தக் கிருமியின் நீந்துவிசை தளரத் தொடங்குகிறது? இறப்பதற்கு எவ்வளவு முன்பே அது தோலைத் துளைக்கும் வலுவை இழக்கிறது? நன்னீருக்குத் திரும்பினால் வலு மீள்கிறதா? வெள்ளம் வடிந்து எத்தனை நாளுக்குப் பிறகு வயலில் இறங்குவது பாதுகாப்பு என்று விவசாயிக்குச் சொல்ல இந்த விடைகள் உதவும். குடாநாட்டில் பௌதிகவியல் துறையும் மருத்துவ பீடமும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஓர் அகச்சிவப்பு லேசர், எண்ணெயில் தோயும் நல்ல பொருள்வில்லை, அதிர்வு தாங்கும் மேசை, நிலையான மின்சாரம், பாதுகாப்பான வளர்ப்பு அறை: தேவையானவை இவைதான். இளமாணி மாணவர்கள் தாமே பூட்டி இயக்கக்கூடிய எளிய ஒளிப்பொறி அமைப்புகள் 1990களின் முடிவிலேயே கற்பித்தல் சஞ்சிகைகளில் விளக்கமாக வெளிவந்துவிட்டன. தொடங்குவதற்கு நோயற்ற இன லெப்ரோஸ்பைராவையே எடுத்துக்கொள்ளலாம். களப்பின் நீரை உப்புவாரியாக ஐந்தாறு படிகளில் ஆக்கி, ஒவ்வொன்றிலும் விசையை அளக்கலாம்.